பெயரும் பொருளும்: தென்சென்னைப் புறநகர் வழக்கில் கைத்துப்பாக்கிச் சொற்கள்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் சிறு சுடுகலன்களைக் குறிக்கும் சொற்கள் பலவாக இருப்பினும் அவை ஒரே நெறியில் அமைந்தவை அல்ல. சில வடிவத்தையும், சில செய்யப்பட்ட முறையையும், சில வைத்திருப்பவரின் உரிமையையும் சுட்டுகின்றன. இம்மூன்று அடிப்படைகளும் ஒரே சொல்லில் கலக்கும்போது செய்தி, மொழிபெயர்ப்பு, வழக்காவணம் ஆகியவற்றில் பொருள் மயக்கம் நேர்கிறது. தாம்பரம், பரங்கிமலை, வேளச்சேரி, வண்டலூர் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ப் பகுதியைக் களமாகக் கொண்டு, அங்குப் புழங்கும் கைத்துப்பாக்கிச் சொற்களின் வரலாறு, அமைப்பு, பொருள் எல்லை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஈழத்தமிழ் வழக்கோடு ஒப்பிட்டுச் சில பரிந்துரைகளையும் முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: கைத்துப்பாக்கி, ரிவால்வர், பிஸ்டல், நாட்டுத் துப்பாக்கி, கள்ளத் துப்பாக்கி, துவக்கு, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

ஒரு பொருள் ஒரு சமுதாயத்தில் எவ்வளவு புழங்குகிறதோ அவ்வளவுக்கு அதற்குப் பெயர்கள் பெருகும். நெல்லுக்கும் மீனுக்கும் தமிழில் உள்ள பெயர்ப்பெருக்கம் இதற்குச் சான்று. அரிவாள், கத்தி ஆகியவற்றுக்கும் வட்டாரந்தோறும் வகைப்பெயர்கள் உண்டு. வீச்சரிவாள், வெட்டரிவாள், பாளை அரிவாள், பட்டாக்கத்தி, சூரிக்கத்தி எனப் பிரித்துப் பேசும் தமிழர், கைத்துப்பாக்கி என்று வரும்போது பெரும்பாலும் 'துப்பாக்கி' என்னும் ஒரே சொல்லால் அமைகின்றனர். கைத்துப்பாக்கி இங்குப் பொதுமக்கள் கையில் புழங்காத பொருள். திரை, செய்தித்தாள், தீபாவளிக் கடை ஆகிய மூன்றின் வழியாகவே பலரும் அதனை அறிவர். பொட்டு வெடியும் சுருள் கேப்பும் ரிங் கேப்பும் வைத்துச் சுடும் பொம்மைத் துப்பாக்கியே பெரும்பாலான தமிழ் வீடுகள் கண்ட ஒரே கைத்துப்பாக்கி.

தென்சென்னைப் புறநகர் இதற்குச் சற்று மாறான நிலம். பரங்கிமலையில் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகமும், தாம்பரத்தில் விமானப்படைத் தளமும், வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவலர் உயர்பயிற்சியகமும் உள்ளன. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனிக் காவல் ஆணையரகமாகவும் இயங்குகிறது. படைவீரர், காவலர், ஓய்வுபெற்றோர், வடமாநிலத் தொழிலாளர், ஈழத்தமிழர் எனப் பல்வேறு பேச்சுக்குழுவினர் கலந்து வாழும் இப்பகுதியில் சுடுகலச் சொற்களும் பல வாயில்களின் வழியே வந்து சேர்ந்துள்ளன.

துப்பாக்கி, துவக்கு, பீரங்கி

'துப்பாக்கி' என்பது துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றின் வழியே தென்னக மொழிகளுக்கு வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் உள்ள 'துபாகி', 'துப்பாக்கி' வடிவங்கள் இதன் உடன்பிறப்புகள். தமிழில் இச்சொல் முழுமையாகத் தமிழ் ஒலியமைதி பெற்றுவிட்டமையால், அதனைத் தமிழ் வேர்ச்சொல்லாகக் கருதுவோரும் உளர். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் 12ஆம் குறளில் இவ்வெழுத்துத்தொடர் அப்படியே வருவது இம்மயக்கத்திற்கு ஒரு காரணம். அங்குள்ள 'துப்பாக்கி', உணவு என்னும் பொருளுடைய 'துப்பு' என்பதோடு 'ஆக்கி' என்னும் வினையெச்சம் சேர்ந்தது. படைக்கலப் பெயரோடு அதற்கு ஒலியொப்புமை தவிர வேறு உறவில்லை.

இதே மூலத்தின் மற்றொரு வடிவம் 'துவக்கு'. தமிழகப் பொதுவழக்கில் இது பெரிதும் மறைந்துவிட்டது. ஈழத்தில் இன்றும் உயிருடன் உள்ளது. ஒரே சொல் இரு நிலங்களில் இரு வடிவமாக நிலைத்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'பீரங்கி' என்னும் பெயர் இப்பகுதிக்கு இன்னும் நெருக்கமானது. ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து இது வந்தது. அதே சொல்லே 'பரங்கி' ஆகிப் பரங்கிமலை, பரங்கிக்காய் ஆகிய பெயர்களிலும் நின்றது. போர்த்துக்கீசியர் தொடர்பால் பெயர் பெற்ற அம்மலையடிவாரமே பிற்காலத்தில் சென்னை மாகாணப் பீரங்கிப்படையின் தலைமையிடமாக விளங்கியது. ஆளைக் குறித்த சொல் ஊரையும் ஆயுதத்தையும் குறித்து, பின்னர் அவ்வூரிலேயே அவ்வாயுதம் வந்து நின்றது.

'கை' என்னும் முன்னொட்டு

நீள்துப்பாக்கியும் கையால் ஏந்தப்படுவதே. ஆயின் 'கைத்துப்பாக்கி' என்பதில் உள்ள 'கை' எதனைப் பிரித்துக் காட்டுகிறது? கைக்குட்டை, கைக்கடிகாரம், கைக்குண்டு, கைப்பேசி ஆகியவற்றில் இம்முன்னொட்டு, உடன்கொண்டு செல்லத்தக்க சிறுமையைக் குறிக்கிறது. தோளில் சார்த்தாமல் ஒரு கையாலேயே சுடத்தக்கது என்பதும் கைத்துப்பாக்கியில் சேர்கிறது. எனவே இது வடிவம் பற்றிய பெயர். உள்ளமைப்பு, செய்யப்பட்ட இடம், உரிமம் ஆகியவற்றைப் பற்றி இச்சொல் எதுவும் கூறுவதில்லை. இப்பொதுமை அன்றாடப் பேச்சிற்குப் போதுமானது. சான்று, சட்டம் ஆகியவற்றுக்குப் போதாது.

ரிவால்வரும் பிஸ்டலும்

ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையின் அறைகளில் இருக்கும். பொதுவாக ஐந்து அல்லது ஆறு அறைகள். சுட்டபின் வெற்றுத் தோட்டா அறையிலேயே தங்கும். சுட்டவர் உருளையைத் திறந்து நீக்கினாலன்றி வெளியே விழாது. இன்றைய பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகப்படும் கூட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் வெற்றுத் தோட்டா வெளியே எறியப்படும்; அடுத்த தோட்டா தானே குழலறைக்கு ஏறும்.

இவ்வேறுபாடு வெறும் நுட்பச் செய்தியன்று. நிகழ்விடத்தில் வெற்றுத் தோட்டா கிடந்தது என்பதும் கிடக்கவில்லை என்பதும் எவ்வகைக் கருவி பயன்பட்டது என்பதைப் பொறுத்தே பொருள்படும். இரண்டையும் 'கைத்துப்பாக்கி' என்று மட்டும் எழுதும் மொழிபெயர்ப்பு, ஒரு சான்றின் பொருளையே மறைத்துவிடுகிறது.

தமிழக வரலாற்றில் பெயர்பெற்ற இரு நிகழ்வுகள் இவ்விரு வகையையும் சார்ந்தவை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் பிஸ்டலால். 1967 ஜனவரி 12 அன்று பரங்கிமலையை அடுத்த இராமாவரம் தோட்ட இல்லத்தில் எம்.ஜி.ஆரை எம்.ஆர். இராதா சுட்டது ரிவால்வரால். எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார். இரண்டு நிகழ்வுகளையும் குறிக்கத் தமிழில் 'துப்பாக்கியால் சுட்டார்' என்னும் ஒரே தொடர் போதுமாயிற்று. எனினும் முதல் நிகழ்வில் 'பிரௌனிங்' என்னும் வணிகப்பெயரும், இரண்டாம் நிகழ்வில் 'ரிவால்வர்' என்னும் வகைப்பெயரும் மக்கள் நினைவில் தங்கின. பொதுப்பெயர் போதாதபோது மொழி, வணிகப்பெயரையோ கடன்சொல்லையோ நாடுவதை இங்குக் காண்கிறோம்.

துப்பறியும் புதினங்களில் இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே ஆளப்படுகின்றன. 'சைலன்சர் பொருத்திய ரிவால்வர்' என்பது அவ்வகை எழுத்தில் பழகிப்போன தொடர். உருளைக்கும் குழலுக்கும் இடையில் உள்ள இடைவெளி வழியே வெடிவளி வெளியேறுவதால் பெரும்பான்மை ரிவால்வர்களில் ஒலியடக்கி பயன் தருவதில்லை. இடைவெளியை அடைத்துச் சுடும் உருசிய நாகான் ரிவால்வர் அரிய விதிவிலக்கு. புதினத்தில் இப்பிழை கதையைக் கெடுப்பதில்லை. அவ்வழக்கு செய்திக்கும் ஆவணத்திற்கும் பரவும்போதுதான் கேடு தொடங்குகிறது.

ரிவால்வருக்குத் தமிழில் 'சுழல்துப்பாக்கி' என்னும் ஆக்கம் வழங்குகிறது. இதனை வினைத்தொகையாகக் கொண்டால் 'சுழல்கின்ற துப்பாக்கி' எனப் பொருள்படும். சுழல்வது துப்பாக்கியன்று, அதன் உருளையே. மேலும், நிலைதாங்கியில் திருப்பி இயக்கப்படும் பெருந்துப்பாக்கியோ என்னும் ஐயத்திற்கும் இடமுண்டு. 'சுழலறைத் துப்பாக்கி' என்றால் சுழலும் அறையையுடையது எனப் பொருள் நேராக அமையும். பிஸ்டலுக்கு இத்தகைய நிலைத்த ஆக்கம் இல்லை. 'கைத்துப்பாக்கி' என்னும் இனப்பெயரே அதற்கும் சிறப்புப்பெயர்போல் ஆளப்படுகிறது. இதனால் இனமும் வகையும் ஒரே பெயர் பெறுகின்றன.

'தானியங்கி' என்னும் பொறி

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலை ஆங்கில வழக்கில் 'ஆட்டோமேட்டிக் பிஸ்டல்' என்பர். அதனைச் சொல்லுக்குச் சொல் 'தானியங்கித் துப்பாக்கி' என்று பெயர்ப்பது தமிழில் பரவலான வழக்கம். இக்கருவி ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரே ஒரு முறைதான் சுடும்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், விசையை அழுத்தியிருக்கும் வரையிலோ தோட்டாக்கள் தீரும் வரையிலோ தொடர்ந்து சுடும்படி அமைந்த கருவியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமாக வரையறுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பதற்கு 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பிற சுடுகலனை உரிமமின்றி வைத்திருப்பதற்கான தண்டனை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை. ஆகவே 'தானியங்கி' என்னும் ஒரு சொல், ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு ஒரு கருவியை நகர்த்திவிடக்கூடும். நீதிமன்றம் வல்லுநர் சான்றைக் கொண்டே முடிவு செய்யும். அதற்கு முன்பே ஊரார் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுவது செய்தியின் சொல்லாலேதான். 'தானேற்றித் துப்பாக்கி' என்னும் ஆக்கம், கருவி தானாகச் செய்வது தோட்டா ஏற்றுதல் மட்டுமே என்பதைத் தெளிவாக்கும்.

நாட்டுத் துப்பாக்கியும் கள்ளத் துப்பாக்கியும்

இக்கட்டுரை எடுத்துக்கொண்ட சொற்களுள் மிகுந்த மயக்கம் தருவது 'நாட்டுத் துப்பாக்கி'. 'நாட்டு' என்னும் அடைமொழி, 'சீமை' என்பதற்கு எதிர்நிலையில் தோன்றியது. நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை, நாட்டு மருந்து ஆகியவற்றில் அதற்கு இன்று நன்மதிப்பு உண்டு. நாட்டு வெடிகுண்டு, நாட்டுத் துப்பாக்கி ஆகியவற்றிலோ அது குற்றச்சாயல் பெறுகிறது. அடைமொழி ஒன்றே, தழுவும் பெயருக்கு ஏற்ப அதன் மதிப்பு மாறுகிறது.

இன்று இச்சொல் இருவேறு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, குழல்வாய் வழியே கரிமருந்தும் ரவையும் பால்ரஸும் இட்டுக் கெட்டித்துச் சுடும் நீள்துப்பாக்கி. உழவரும் நரிக்குறவரும் நெடுங்காலமாகக் கையாண்டது. ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க்காவலுக்காக இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்குவதைத் தனியே குறிப்பிடுகிறது. காப்புக்கும் விளையாட்டுக்குமான வழவழப்புக்குழல் துப்பாக்கியின் குழல்நீளம் 20 அங்குலத்திற்குக் குறையலாகாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. நீளம், குறுமை என்னும் வேறுபாட்டைச் சட்டம் எவ்வளவு கருதுகிறது என்பதை இது காட்டும்.

மற்றொன்று, பட்டறையில் மறைவாகச் செய்யப்பட்டு, மடியில் மறைக்கத்தக்க குறுந்துப்பாக்கி. ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் இட்டுச் சுடுவது. வடநாட்டில் இதற்குக் 'கட்டா' என்றும் 'தமஞ்சா' என்றும் பெயர். துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பீகாரின் முங்கேர் இதனோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். அங்கு உரிமம் பெற்ற தொழிற்கூடங்களும் உண்டு. 'கட்டா' என்னும் சொல் அண்மைக் காலத்தில் குற்றச்செய்திகள் வழியாகச் சென்னை வழக்கிற்குள்ளும் நுழைந்துள்ளது.

உரிமத்தோடு பயிர் காக்கும் நீள்துப்பாக்கிக்கும், உரிமமே பெறமுடியாத மறைவுப் படைக்கலனுக்கும் ஒரே பெயர் வழங்குவதன் விளைவு எளியதன்று. 'நாட்டுத் துப்பாக்கியுடன் பிடிபட்டார்' என்னும் தலைப்பைப் படிப்பவர், உரிமத்தைப் புதுப்பிக்கத் தவறிய ஒருவரையும் கொலைக்கருவியுடன் திரிந்த ஒருவரையும் பிரித்தறிய வழியில்லை. குற்றப்பரம்பரைச் சட்டம் நீங்கிப் பல்லாண்டுகள் கடந்தும் ஐயப்பார்வை நீங்காத நாடோடிச் சமுதாயங்களுக்கு இம்மயக்கம் கூடுதல் சுமை. நரிக்குறவர் 2023இல் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அவர்தம் வாழ்க்கைக் கருவியின் பெயர் மட்டும் இன்னும் குற்றப்பட்டியலின் பெயரோடு ஒன்றியே கிடக்கிறது.

'கள்ளத் துப்பாக்கி' வேறொரு அடிப்படையில் எழுந்தது. கள்ளச்சாராயம், கள்ளநோட்டு, கள்ளத்தோணி என்பவற்றைப் போல இதுவும் உரிமையின்மையைக் குறிப்பது. வெளிநாட்டுத் தொழிற்சாலையில் செய்த உயர்ந்த பிஸ்டலும் உரிமமின்றி இருந்தால் கள்ளத் துப்பாக்கியே. உரிமம் பெற்ற கரிமருந்துத் துப்பாக்கி நாட்டுத் துப்பாக்கியாயினும் கள்ளத் துப்பாக்கி ஆகாது. எனவே இவ்விரு சொற்களும் ஒருபொருட் பன்மொழி அல்ல.

மறைமொழியும் மரபுத்தொடரும்

குற்றக்குழுக்களின் பேச்சில் 'பொருள்', 'சாமான்' ஆகிய சொற்கள் ஆயுதத்தைப் பொதுவாகச் சுட்டுகின்றன. கத்தியா துப்பாக்கியா என்பது சூழலால் உணரப்படும். மும்பைப் பேச்சிந்தியில் பிஸ்டலுக்குக் குதிரை என்னும் பொருளுடைய 'கோடா' என்னும் மறைபெயர் உண்டு. துப்பாக்கியின் சுத்தியற்பகுதிக்கு வழங்கிய பெயர் முழுக்கருவிக்கும் ஆகியது. தமிழிலும் துப்பாக்கியின் அவ்வுறுப்புக்குக் 'குதிரை' என்றே பெயர். எனினும் தமிழ்க்குதிரை உறுப்பளவிலேயே நின்றுவிட்டது. சினைப்பெயர் முதலுக்கு ஆகவில்லை. கைத்துப்பாக்கி இங்கு மறைபெயர் வேண்டும் அளவுக்குப் புழக்கம் பெறாமையே இதற்குக் காரணம் எனலாம்.

தமிழ் மரபுத்தொடர்களும் இதனை உறுதிப்படுத்துகின்றன. திராவிடர் கழகத்தையும் திராவிட முன்னேற்றக் கழகத்தையும் அண்ணா 'இரட்டைக்குழல் துப்பாக்கி' என உவமித்தது நீள்துப்பாக்கியைக் கொண்டே. 'துப்பாக்கி முனையில்' என்பது 'கத்தி முனையில்' என்பதன் அச்சில் வார்க்கப்பட்டது. துப்பாக்கிக்கு உள்ளது வாயே. முனை கத்திக்கு உரியது. 2012 ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் வங்கிகளில் நடந்த கொள்ளைகளும், அவற்றைத் தொடர்ந்து பிப்ரவரி 23 அன்று வேளச்சேரியில் ஐவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டதும் இப்புறநகர் மக்களின் பேச்சில் துப்பாக்கிச் சொற்களைப் பரப்பின. 'என்கவுன்டர்' என்னும் சொல்லும் இத்தகைய செய்திகளால் வேரூன்றியது. எதிர்ப்படுதல் என்னும் அதன் இயல்பான பொருள் தமிழில் அறவே இல்லை. காவல்துறையினர் சுட்டுக் கொல்லுதல் என்பதே இங்கு அதன் ஒரே பொருள்.

ஈழத்தமிழ் வழக்கோடு ஒப்பீடு

1982 மே 19 அன்று பாண்டி பஜாரில் ஈழப் போராளிகள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நிகழ்வு, ஈழத்துச் சுடுகலப் பண்பாட்டைச் சென்னை நேரில் கண்ட தொடக்கங்களுள் ஒன்று. 1983க்குப் பின் பெருகிய குடிபெயர்வு ஈழச்சொற்களையும் இங்குக் கொணர்ந்தது. நீண்ட போரின் நடுவே ஈழத்தமிழ் தனக்கென ஒரு சொல்லமைப்பை உருவாக்கிக்கொண்டது. சுடுகலன் என்பது பொதுப்பெயர். தோட்டா ரவை, அதன் கூடு ரவைக்கூடு, பாய்வது சன்னம், எஞ்சுவது கோது. கெட்டித்துச் சுடுவது இடியன் துவக்கு. விலங்குக்குப் பொறியாகக் கட்டப்படுவது கட்டுத்துவக்கு. தமிழகத்தில் தோட்டா, குண்டு என்னும் இரு சொற்கள் ஆற்றும் பணியை அங்கு நான்கு சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. குறிப்பாக, தமிழகத்தில் 'குண்டு' பாய்ந்த ஈயத்தையும் வெடிகுண்டையும் ஒருசேரக் குறிக்க, ஈழத்தில் 'சன்னம்' முதற்பொருளைத் தனியே ஏற்றுக்கொண்டது.

இச்சொல்வளம் பெருந்துயரின் விலையில் கிடைத்தது. அதனை நாம் விரும்பத்தக்கதெனக் கொள்ளல் இயலாது. ஆயினும் ஏற்கெனவே தமிழில் உள்ள நுண்ணிய சொற்களைக் கலைச்சொல்லாக்கத்தில் பயன்கொள்ளாமல் விடுவதும் முறையாகாது.

தொகுப்புரை

தமிழ்க் கைத்துப்பாக்கிச் சொற்கள் வடிவம், ஆக்கம், உரிமை என்னும் மூன்று அடிப்படைகளில் எழுந்தவை. கைத்துப்பாக்கி, ரிவால்வர், பிஸ்டல் ஆகியவை வடிவமும் உள்ளமைப்பும் பற்றியன. நாட்டுத் துப்பாக்கி, கட்டா ஆகியவை ஆக்கம் பற்றியன. கள்ளத் துப்பாக்கி, உரிமத் துப்பாக்கி ஆகியவை உரிமை பற்றியன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைப்பதே மயக்கத்தின் தோற்றுவாய்.

இதனைக் களைய நான்கு நெறிகள் உதவும். முதலாவதாக, கைத்துப்பாக்கி என்பதை இனப்பெயராக மட்டும் கொண்டு, வகை தெரிந்தவிடத்து ரிவால்வர் அல்லது சுழலறைத் துப்பாக்கி, பிஸ்டல் அல்லது தானேற்றித் துப்பாக்கி எனப் பிரித்து எழுதுதல் வேண்டும். இரண்டாவதாக, தொடர்ந்து சுடும் கருவிக்கு மட்டுமே 'தானியங்கி' என்பதை உரியதாக்குதல் வேண்டும். மூன்றாவதாக, நாட்டுத் துப்பாக்கி என்பதனைக் கெட்டிப்புத் துப்பாக்கி, நாட்டுக் குறுந்துப்பாக்கி என இரண்டாக்கி, உரிமம் உண்டா இல்லையா என்பதைத் தனித்தொடரால் கூறுதல் வேண்டும். நான்காவதாக, சன்னம், கோது, ரவைக்கூடு ஆகிய ஈழச்சொற்களைத் தமிழக அகராதிகளும் தடயவியல் கலைச்சொற்பட்டியல்களும் ஏற்றல் வேண்டும்.

ஒரு கருவி இன்னதென்று சரியாகச் சொல்வது, அதனை ஏந்தியவர் இன்னாரென்று தவறாகச் சொல்லாமலிருப்பதற்கு முதற்படி. சொல்லாய்வு நீதிக்குச் செய்யத்தக்க தொண்டு இதுவே.